ராயபுரம் ஞாயிறு சைக்கிள் சவாரி: இரண்டு தடவை போய் வந்தபின் எழுதுவது

"சித்தி, ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஃப்ரீயா இரு, உனக்கும் சேர்த்து காசு கட்டிட்டேன்" என்று அக்கா மகன் போன் செய்தபோது ஏதோ கோயிலுக்குக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். சைக்கிள் சவாரி என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு 47 வயது. சின்ன வயதில் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகியவள்தான். ஆனால் கல்யாணம் ஆனபிறகு கை வைத்ததில்லை. அதுவும் ராயபுரம், பாரிமுனை, காசிமேடு என்கிறான். நான் பிறந்து வளர்ந்த இடத்தைக் காசு கொடுத்து எதற்குச் சுற்றிப் பார்க்க வேண்டும்? கடைசியில் கட்டின காசு வீணாகக் கூடாது என்றுதான் போனேன். மூன்று வாரம் கழித்து, யாரும் கூப்பிடாமல், நானே பணம் கட்டி மறுபடியும் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதை நடத்துவது பெரிய கம்பெனி இல்லை. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் நடத்துகிறார்கள். பலகை, பேனர் எதுவும் கிடையாது. ஒருவரிடம் கேட்டு இன்னொருவர் வருவதுதான். ஆளுக்கு 450 ரூபாய். சொந்த சைக்கிள் கொண்டுவந்தால் 250. காலை ஐந்தரைக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் கூட வேண்டும். அங்கிருந்து தெற்கே ராஜாஜி சாலை வழியாகக் கோட்டை, போர் நினைவுச்சின்னம் வரைக்கும் போய்த் திரும்பி, ராயபுரத்துக்குள் நுழைந்து, காசிமேட்டில் முடிகிறது. எல்லாம் சேர்த்து 12 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேடு என்று சொல்லும்படி வழியில் எதுவும் இல்லை. பாதிக்கு மேல் இருட்டிலும் இளவெயிலிலும் முடிந்துவிடுவதால் மூச்சு வாங்கவில்லை.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிள்கள். பெண்களுக்குக் குறுக்குக் கம்பி இல்லாத வண்டி தருகிறார்கள். சுடிதார் போட்டுக்கொண்டு தயங்காமல் ஏறலாம், துப்பட்டாவை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்ளச் சொன்னார்கள். சங்கிலிக்கு மூடி இருந்தது. சீட்டை என் உயரத்துக்கு இறக்கித் தர ஸ்பேனரோடு ஒரு தம்பி நின்றான். இதெல்லாம் நன்று. ஆனால் முதல் தடவை எனக்குக் கொடுத்த வண்டியில் பின் பிரேக் பிடிக்கவில்லை. சொன்னதும் மாற்றித் தந்தார்கள், ஆனால் நான் சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்தது. கிளம்புமுன் ஒவ்வொரு வண்டியையும் அவர்களே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? ஹெல்மெட்டும் ஒரே அளவுதான். பின்னல் போட்ட தலைக்கு அது உட்காரவே இல்லை. இரண்டாம் தடவை பிரேக் எல்லாம் சரியாக இருந்தது. ஹெல்மெட் அப்படியேதான் இருக்கிறது.

சரி, நிலையத்துக்கு வருவோம். ராயபுரம் ஸ்டேஷனைக் கடற்கரை வண்டியில் போகும்போது ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். எதிர்ப்புறம் நின்று, விளக்கு வெளிச்சத்தில், அந்த உயரமான தூண்களை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். தூண் உச்சியில் இலை விரிந்த மாதிரி வேலைப்பாடு. வழிகாட்டித் தம்பி டார்ச் அடித்து ஒவ்வொரு இலையாகக் காட்டினான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. அப்போது சென்ட்ரல் என்று ஒன்று கிடையாது. அது 1873-ல்தான் வந்தது. இந்த நாட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் பழையது இதுதான். இத்தனையும் அவன் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தான். எழுதி வைத்துப் படிக்கவில்லை. நடுவில் ஒருவர் கேள்வி கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அப்புறம் ராஜாஜி சாலை. பகலில் லாரி, பஸ், ஆட்டோ என்று கால் வைக்க முடியாத சாலை ஞாயிறு விடிகாலையில் காலியாக இருக்கிறது. இரட்டை வரிசையில், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் சிவப்பு விளக்கோடு. எனக்கு முதல் ஒரு கிலோமீட்டர் கை நடுங்கியது. கடற்கரை ஸ்டேஷன் தாண்டும்போது நடுக்கம் நின்றுவிட்டது. பர்மா பஜார் கடைகள் சாத்திக் கிடந்தன. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற வண்டிகள் சாயங்காலம்தான் வரும், அந்த ஆசையோடு யாரும் காலையில் வர வேண்டாம்.

கடலோரச் சவாரி என்று பெயர் சொல்கிறார்களே, கடல் எங்கே என்று பின்னால் வந்த ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ராஜாஜி சாலை முழுக்கத் துறைமுகத்து மதில்தான். கடல் கண்ணிலேயே படாது. அங்கேதான் அந்தப் பையன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இந்தச் சாலைக்கு பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். அடுத்த தெருவை இன்றும் எல்லாரும் செகண்ட் லைன் பீச் என்றுதான் சொல்கிறோம். பீச் எங்கே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கடல் இந்தச் சாலை ஓரம் வரைக்கும் இருந்தது. கோட்டையின் கிழக்கு மதிலுக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள், 1881-ல் வந்த புயல் அதை உடைத்தது, திரும்பக் கட்டினார்கள், கடல் விலகிப்போனது. "இதை ஞாபகம் வச்சுக்கங்க, காசிமேட்டுல இதோட மீதியைச் சொல்றேன்" என்றான். மீதியை அவன் எப்படிச் சொன்னான் என்பதற்காகத்தான் நான் இந்தச் சவாரியை எல்லாரிடமும் சிபாரிசு செய்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உயர் நீதிமன்றத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்றோம். சிவப்புக் கட்டடம், 1892-ல் திறந்தது. அதன் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரைக்கும் கலங்கரை விளக்கமாக இருந்தது. அதே வளாகத்தில் தனியாக நிற்கிற உயரமான கல்தூண் அதற்கு முந்தைய விளக்கம், 1844-ல் ஏற்றியது. அதற்கும் முந்தையது, 1796-ல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் எரிந்தது. மெரினாவில் இப்போது இருப்பது நாலாவது. முதல் மூன்று விளக்கும் கூப்பிடு தூரத்துக்குள் இருந்திருக்கின்றன. கப்பல்காரர்களுக்குச் சென்னை என்றால் இந்த இடம்தான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அங்கேயே எம்டன் கதையும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. ஒரு குண்டு விழுந்ததற்கு அடையாளமாக நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. பயந்துபோன ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டே கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் ஆயா ஒருவனைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்று சொன்னால் அவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குள் ஒரு கப்பல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கல்லின் முன்னால் நின்றது இதுதான் முதல் தடவை.

கோட்டையை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. உள்ளே 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கெல்லாம் தனியாக ஒரு பகல் வர வேண்டும். போர் நினைவுச்சின்னத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிடம். அந்தக் கட்டடத்துக்கு சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். நம் கடற்கரையின் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் இதே சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று நான் அந்த வாசலில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். அந்தப் பெயர் யாருடையது என்று என்னோடு நின்ற யாரும் பேசிக்கொண்டதில்லை.

கிளைவ் பேட்டரி என்கிற பழைய பீரங்கித் தளத்துப் பக்கம் வரும்போது ஆறரை மணி. வெளிச்சம் வந்துவிட்டது. துறைமுகத்துக் கிரேன்கள் கறுப்பாக நிற்க, அவற்றின் கால்களுக்கு நடுவே சூரியன் சிவப்பாக ஏறியது. எல்லாரும் போன் எடுத்தார்கள். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் ஹார்பரில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டியவர். இதே சாலையில், இதே நேரத்தில், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு ஹெர்குலஸ் சைக்கிளில் இருபத்தெட்டு வருடம் போனவர். அவர் மிதித்த சாலையில் நான் மிதிக்கிறேன் என்று அக்கா மகனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

ராயபுரத்துக்குள் வந்ததும் ராயப்பர் கோயில். ராயப்பர் என்றால் பேதுரு, அவர் பெயரால்தான் ராயபுரம். மீனவரான அந்தச் சீடருக்குக் கோயில் எழுப்பியவர்களும் படகுக்காரர்கள்தான். துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலா படகுகள் போகும். இங்கேதான் வழிகாட்டி தன் பையிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்தான். ஓரமாக வரிசையாக ஓட்டை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருந்தது. தையலுக்கு அடியில் நார்ச் சுருளை வைத்து இறுக்கியிருந்தது. ஒரு ஆணிகூட இல்லை. "வளைச்சுப் பாருங்கக்கா" என்று என் கையில் கொடுத்தான். வளைத்தேன். முறுகியது, முனகியது, விடவில்லை. ஆணி அடித்த படகு நம் கரையின் அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்து மேலே ஏறிவிடும். கவர்னரிலிருந்து கூலிக்காரன் வரைக்கும் இந்தத் தையலை நம்பித்தான் சென்னையில் கால் வைத்தார்கள். அந்தப் பலகையைத் தைத்தது அவனுடைய தாத்தாவின் தம்பியாம். கயிறு கையில் குத்திய உணர்வு எனக்கு அன்றைக்கு முழுவதும் இருந்தது.

மாதா கோயில் தெருவிலேயே பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910-ல் திறந்தது. தமிழ்நாட்டிலேயே இது ஒன்றுதான். பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. வாசலில் வண்டியை நிறுத்தி, சத்தம் போடாமல் பார்த்துவிட்டு நகர வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார். அவரை முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். தெருவில் வீட்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், அது யாருடைய கோயிலாக இருந்தாலும் சரி. பக்கத்தில் அண்ணா பூங்கா, பழைய ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். ஒரு ஊர் வட்டாரத்துக்குள் மாதா கோயில், நெருப்புக் கோயில், குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா, அரசியல் மேடை எல்லாம் காலால் நடக்கும் தூரத்தில் கிடக்கின்றன. தொண்டியிலிருந்து வந்த அந்த மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்று கூப்பிட்டதால்தான் எங்கள் தண்டையார்பேட்டைக்கே பெயர் என்று சொல்வார்கள். தர்காவில் இவர்கள் நிறுத்துவதில்லை. நேரம் போதவில்லை என்றார்கள். கோட்டை வாசலில் ஐந்து நிமிடத்தைக் குறைத்து இங்கே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

காசிமேடு. சைக்கிள்களை வெளியிலேயே ஒரு தம்பியின் காவலில் விட்டுவிட்டு நடந்து உள்ளே போனோம். நுழையுமுன் வழிகாட்டி மூன்று விஷயம் சொன்னான். ஏலம் நடக்கிற இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள். யாரையும் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். மூக்கைப் பொத்தாதீர்கள். மூன்றாவதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியது. அவன் அம்மா அங்கே கூடை வைத்து விற்பவர். அந்த இடத்தில் இந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதை வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் நம் பக்கத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஐஸ் பெட்டி இழுக்கிற சத்தம், "ஒதுங்கு ஒதுங்கு" என்ற குரல், காலுக்கடியில் உப்புத் தண்ணீர். ஈரத் தரையில் சங்கரா மீனைச் சிவப்புக் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். சுற்றிப் பத்துப் பெண்கள். ஏலம் விடுகிறவர் விலையைப் பாடுகிற மாதிரி ஏற்றிக்கொண்டே போனார். ஒரு வயதான அம்மா குனிந்து, ஒரு மீனின் செவுளைக் கட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். அடுத்தது வயிற்றை ஒரு அழுத்து. வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். குவியல் அவருடையது. எல்லாம் நான் ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. என்னோடு வந்த அடையாறுப் பெண் ஒருவர், ஒரு கூறு நெத்திலி என்ன விலை, எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டு, தானே பேரம் பேசி வாங்கினார். பை கொண்டுவருவது நல்லது. சைக்கிள் ஹேண்டிலில் மாட்டினால் வீடு போகும்வரை சொட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். ஏலத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் ஓட்டினால் கடல் கடைசியாகக் கண்ணுக்கு வருகிறது. மணல் இல்லை. கறுப்புப் பாறைக் கல் கொட்டிய கரை. அலை வந்து கல்லில் மோதித் திரும்புகிறது. வழிகாட்டி சாலை ஓரம் காற்றில் ஒதுங்கிக் கிடந்த மணலைக் கையால் சரித்து ஒரு சரிவு மாதிரி செய்தான். பாட்டிலிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினான். தண்ணீர் மணலை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு கல்லை எடுத்துக் குறுக்கே வைத்தான். மறுபடி ஊற்றினான். கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் சேர்ந்து மேடானது. அந்தப் பக்கம் தண்ணீர் மட்டும் போய்த் தரையை அரித்துப் பள்ளமாக்கியது. "இந்தக் கல்லுதான் ஹார்பர். மேடு மெரினா. பள்ளம் நாம" என்றான்.

நம் கரையில் வருடத்தில் அதிக மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்துச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கல். கல்லைக் கொட்டிய இடத்துக்கு வடக்கே மறுபடி அரிப்பு, மறுபடி கல்.

எங்கள் ஆயா வீடு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் இருந்தது. வாசலில் நின்றால் மணல், மணலுக்கு அப்பால் காயப்போட்ட வலை, அதற்கப்பால் கடல். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே வலை காய்ந்த இடம் போய்விட்டது. அப்புறம் வேப்பமரம். அப்புறம் வீடு. கடல் எடுத்துக்கொண்டது, கடலம்மா கோபம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். ஆயா சாகும்வரை அப்படித்தான் நம்பினார். அப்பா அதே ஹார்பரில் வேலை செய்து கொண்டுவந்த சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். இரண்டையும் சேர்த்து எனக்கு யாரும் சொன்னதில்லை. 47 வயதில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கல்லும் வைத்து ஒரு பையன் காட்டினான். நான் கொஞ்ச நேரம் பாறை மேல் உட்கார்ந்துவிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

எட்டே கால் மணிக்கு ஒரு அம்மாவின் கடையில் கேழ்வரகுக் கூழும் வறுத்த நெத்திலிக் கருவாடும். வேண்டியவர்களுக்கு இட்லியும் மீன் குழம்பும். கட்டணத்திலேயே அடக்கம். கூழில் மோர் தாராளமாக ஊற்றி, வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தார். மாங்காய் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காமல் தருவதில்லை.

குறை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் பெண்கள் போவதற்கு ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு இல்லை. கேட்டதற்கு ஓட்டலில் நிறுத்தலாம் என்றார்கள். அந்த நேரத்தில் எந்த ஓட்டல் திறந்திருக்கும்? இரண்டாம் தடவை தெரிந்தவர் வீடு ஒன்றில் கேட்டு வைத்திருந்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் பணம் கட்டும்போதே எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட வேண்டும். வயதான பெண்கள் வராமல் போவதற்கு சைக்கிளைவிட இதுதான் பெரிய காரணம். அடுத்தது, எட்டரைக்கு முடியும் என்றார்கள், முதல் தடவை ஒன்பதே கால் ஆனது. வெயில் ஏறிவிட்டது.

இரண்டாம் தடவை நான் போனது நீளச் சவாரி. மாதத்தில் ஒரு ஞாயிறுதான், 200 ரூபாய் அதிகம். காசிமேட்டிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் சொச்சம், திருவொற்றியூர் வரைக்கும். கடலை ஒட்டி எண்ணூர் விரைவுச்சாலை போகிறது. ஆனால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலை அது. அதில் சைக்கிளை விடமாட்டோம் என்று சொல்லி உள்ளே டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகத்தான் கூட்டிப்போகிறார்கள். கடல் காட்சி போச்சே என்று ஒருவர் குறைப்பட்டார். நான் இந்தக் குழுவின் பக்கம். அந்த லாரிகளோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வழியில் காலடிப்பேட்டை. கோலெட் என்ற கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர், அவர் பெயர்தான் நம் வாயில் காலடி ஆகிவிட்டது. அப்புறம் தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன். மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த இடம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அதை இன்றும் நடத்துகிறார்கள். மூலவர் ஆதிபுரீசுவரர் வருடம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். இதெல்லாம் எங்களுக்கு வீட்டுச் செய்தி, அதனால் இங்கே நான் வழிகாட்டியைக் கேட்கவில்லை, அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கடைசி நிறுத்தம் பட்டினத்தார் சமாதி, கடல் பக்கத்தில். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் செய்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் கசக்கிற பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்து, அது இனித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார் என்பது கதை. அந்த இடம் இது. அந்தக் காலை நேரத்தில் உள்ளே நாங்களும் ஒரு பூசாரியும்தான். வெளியே லாரி ஹாரன், உள்ளே சில்லென்ற தரை. முழு வழியிலும் நான் இன்னும் கொஞ்சம் இருக்க ஆசைப்பட்ட இடம் இது ஒன்றுதான். பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். அரை மணி கொடுக்கலாம்.

அங்கிருந்து ஆயா வீடு இருந்த பக்கம் ரொம்பக் கிட்ட. வழிகாட்டித் தம்பி அதை ஞாபகம் வைத்திருந்து, "எங்க இருந்துச்சுக்கா?" என்று கேட்டான். கல் கொட்டிய கரை வரைக்கும் நடந்து போய்க் கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தில் ஒரு ஃபைபர் படகு அசைந்துகொண்டு நின்றது.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் சின்னச் சவாரிக்குப் போகலாம். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் மழை பெய்தால் ரத்து, பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். தை, மாசிதான் சரியான காலம். இடம் பன்னிரண்டு பேருக்கு மட்டும், வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். நீளச் சவாரிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது சைக்கிளை அவர்களிடமே விட்டுவிட்டுத் தேரடியில் மெட்ரோ ஏறிவிடலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாட்டில் தண்ணீர், கல் எல்லாம் வைத்து அதே மாதிரி மொட்டை மாடியில் செய்து காட்டினேன். அம்மாவுக்கு 71 வயது, சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்தப் பையன் வாயாலேயே கேட்க வேண்டும், ஏழரைக்கு ஆட்டோவில் பாறை ஓரத்துக்கு வந்துவிடுகிறேன் என்கிறார். குழுவிடம் கேட்டேன். வரச் சொல்லுங்கள், காசு வேண்டாம், உட்கார ஒரு ஸ்டூல் எடுத்து வைக்கிறோம் என்றார்கள்.